குரல் திரும்பினால் சிரிப்பும் திரும்புமா? மீண்டு வரும் நகைச்சுவை கார்ட்டூன்களும் அவற்றின் குரல் நடிகர்களும்

கேள்வி இதுதான்: பத்து, பதினைந்து ஆண்டுகளுக்கு முன் நின்றுபோன நகைச்சுவை கார்ட்டூன் தொடர்கள் இப்போது ஒவ்வொன்றாகத் திரும்பி வருகின்றன. படத்தை அப்படியே வரைந்துவிடலாம். ஆனால் குரல் கொடுத்தவர்களுக்கு வயதாகியிருக்கும், சிலர் இறந்தும் போயிருப்பார்கள். எப்படிச் சமாளிக்கிறார்கள்? பலகுரல் பேசத் தெரிந்த ஒருவரை வைத்து ஒப்பேற்றிவிட முடியாதா?

ஒப்பேற்றலாம். ஆனால் பலகுரல் கலைஞர் கொண்டுவருவது குரலின் சாயலை. நகைச்சுவைத் தொடருக்கு அது பாதி வேலைதான். அந்தப் பாத்திரம் எங்கே மூச்சு வாங்கும், எந்தச் சொல்லை விழுங்கும், அடுத்தவர் முடிப்பதற்குள் குறுக்கே விழுமா, இல்லை அரை நொடி விழித்துவிட்டுப் பதில் சொல்லுமா என்ற கணக்குதான் மீதிப் பாதி. சங்கீதத்தில் காலப்பிரமாணம் என்கிறோமே, ஏறக்குறைய அதுதான். சுருதி சேர்ந்தும் காலப்பிரமாணம் தப்பிவிட்டால், கேட்பவருக்குக் குறை என்னவென்று சொல்லத் தெரியாது. சிரிப்பு மட்டும் வராது. பழைய நடிகர்களைத் தேடிப் பிடித்து அழைத்து வருவதற்கு ரசிகர்களின் பாசம் ஒரு காரணம் என்றால், இது இன்னொரு காரணம். என் கணக்கில் இதுவே பெரிய காரணம்.

இது புரிய வேண்டுமானால் அமெரிக்காவில் இந்தத் தொடர்கள் தயாராகும் வரிசையைத் தெரிந்துகொள்ள வேண்டும். நமக்குப் பழகிய டப்பிங்கில் படம் முதலில், குரல் பிறகு. திரையில் வாய் அசையும் நேரத்துக்குள் வசனத்தை அடக்க வேண்டும். அமெரிக்கத் தொலைக்காட்சி அனிமேஷனில் எல்லாம் தலைகீழ். ஸ்கிரிப்ட் தயாரானதும் நடிகர்கள் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து உரக்க வாசிக்கிறார்கள். எந்த வரிக்குச் சிரிப்பு எழுந்தது, எந்த வரி சத்தமில்லாமல் செத்தது என்று எழுத்தாளர்கள் குறித்துக்கொண்டு திருத்துகிறார்கள். பிறகு ஒலிப்பதிவு. அந்த ஒலியை வெட்டிச் சேர்த்து ஓட்டத்தை முடிவு செய்த பிறகுதான் காட்சிகள் முழுமையாக வரையப்படுகின்றன. 'ஃபியூச்சராமா' என்ற அமெரிக்க நகைச்சுவைத் தொடரின் அனிமேஷனைச் செய்வது ரஃப் டிராஃப்ட் நிறுவனம். வரையும் வேலையில் பெரும்பகுதி தென்கொரியாவில் நடக்கிறது. குரல் பதிவான நாளுக்கும் எபிசோடு வெளியாகும் நாளுக்கும் நடுவே பல மாதங்கள் ஓடிவிடும்.

ஆக, நடிகர் மைக் முன் நிற்கும்போது பார்த்துப் பேசப் படம் எதுவும் இருக்காது. அவர் முன்னே காகிதம், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இயக்குநர், அவ்வளவுதான். அவர் விடும் இடைவெளியில்தான் பிற்பாடு பாத்திரம் கண் கொட்டுகிறது. நொடிக்கு 24 ஃபிரேம் என்ற கணக்கில் அவருடைய அரை நொடித் தயக்கம் 12 ஃபிரேம் ஆகிறது. அந்தப் பன்னிரண்டிலும் புருவம் எங்கே இருக்க வேண்டும் என்பதை அனிமேட்டர் அந்த மௌனத்தைக் கேட்டுத்தான் முடிவு செய்கிறார். குரல் நடிகரை 'பின்னணிக் குரல்' என்று சொல்வது இந்த வகைத் தொடர்களுக்குச் சற்றும் பொருந்தாது. முன்னே போவது அவர்தான். படம்தான் பின்னால் வருகிறது.

ஒலிப்பதிவு நடக்கும் இடம் பார்ப்பதற்குச் சுவாரசியம் இல்லாத ஓர் அறை. சரசரக்கும் சட்டை ஆகாது, வளையல் ஆகாது, பசித்த வயிறும் ஆகாது. வயிறு உறுமுவதையும் மைக் விடாமல் பிடிக்கும். மேஜையில் பச்சை ஆப்பிள் துண்டுகள் இருப்பதுண்டு. வாய் உலர்ந்தால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டி ஒட்டி எழும் சத்தம் பதிவாகிவிடும். புளிப்பு எச்சிலைச் சுரக்கவைத்து அதைக் குறைக்கிறது. "நான் ஒன்றும் பயப்படவில்லையே" என்று ஒரு வரி இருப்பதாக வைத்துக்கொள்வோம். நடிகர் அதை நிறுத்தாமல் மூன்று விதமாகச் சொல்வார். முதலில் கேள்வி முடியும் முன்பே வெடுக்கென்று. அடுத்தது 'நான்' என்று தொடங்கி, எச்சில் விழுங்கி, மீதியைச் சற்று மேல் ஸ்தாயியில். மூன்றாவதில் 'பயப்படவில்லையே' என்ற சொல்லின் கடைசிப் பாதி தொண்டைக்குள்ளேயே கரைந்துபோகும். மூன்றும் ஒரே சொற்கள், மூன்றும் வேறு வேறு ஆட்கள். இவற்றில் ஒன்றுதான் அந்தப் பாத்திரம். எது என்று யோசிக்காமலே தெரிந்தவர்தான் பழைய நடிகர். அலறல், அடி வாங்குவது, படியில் உருள்வது, வாய் நிறையச் சாப்பாட்டோடு பேசுவது போன்றவற்றையெல்லாம் கடைசிக்கு ஒதுக்கிவைப்பார்கள், தொண்டை அதற்கு மேல் அன்றைக்கு உதவாது என்பதால்.

வயது விஷயத்துக்கு வருகிறேன். குரல்நாண்கள் தசையும் சவ்வும் சேர்ந்தவை. வயதாக ஆக ஆண்களுக்கு அவை மெலிந்து, குரல் பொதுவாகச் சற்று மேலேறி, காற்றுக் கலந்து ஒலிக்கும். பெண்களுக்கு மாதவிடாய் நின்ற பின் அவை தடித்து, குரல் கீழிறங்கும். நுரையீரலின் கொள்ளளவும் குறைவதால் நீண்ட வசனத்தை ஒரே மூச்சில் சொல்ல முடியாது. நகைச்சுவைக்கு அதிகத் தொல்லை தருவது இந்த மூன்றாவதுதான். சுருதி கொஞ்சம் மாறினால் இரண்டு எபிசோடில் காது பழகிக்கொள்ளும். வேகமாகக் கொட்ட வேண்டிய வரியின் நடுவே மூச்சு வாங்க நேர்ந்தால் அந்த வரியே போயிற்று. கணினியில் சுருதியைக் கூட்டிக் குறைக்க முடியும். ஆனால் அளவு மீறினால் குரலின் உடம்பே மாறி, பொம்மைக் குரலாகிவிடும். மூச்சுக்கு மென்பொருளிலும் நல்ல மருந்து கிடையாது.

'ஃபியூச்சராமா'வில் இது வேடிக்கையான விதத்தில் தெரியும். பில்லி வெஸ்ட் அதில் ஃபிரை என்ற இளைஞன், பேராசிரியர் ஃபார்ன்ஸ்வொர்த் என்ற தொண்டு கிழவர், ஸாய்ட்பெர்க் என்ற நண்டு மாதிரியான மருத்துவர் ஆகிய மூவருக்கும் குரல். மூவரும் ஒரே காட்சியில் சண்டை போட்டால் தனக்குத் தானே பேசிக்கொள்வது அவர்தான். இவற்றில் கடினமானது எது என்று கேட்டால் எல்லோரும் நண்டு மருத்துவரைச் சொல்வார்கள். எனக்கென்னவோ ஃபிரைதான் என்று தோன்றுகிறது. கிழவருக்கு வயதானால் லாபம். ஸாய்ட்பெர்க்கின் கரகரப்பு ஒரு வேடம். வேடத்துக்கு வயது இல்லை. ஆனால் ஃபிரையின் குரலை வெஸ்ட் தன்னுடைய இருபத்தைந்து வயதுக் குரலை நினைவில் வைத்து உருவாக்கியதாகச் சொல்லியிருக்கிறார். தொடர் 1999இல் தொடங்கியபோது அவருக்கு வயது 46. 2023 ஜூலையில் ஹுலு என்ற இணையவழித் தளத்தில் அது மீண்டும் வந்தபோது 71. இருபத்தைந்து வயதுக்காரனின் அசட்டு உற்சாகத்தை எழுபதில் பிடிப்பதற்குச் சுருதிப் பெட்டி உதவாது. யோசிக்காமல் பேசுகிறவனாக இருக்க வேண்டும். எழுபது வயதில் யோசிக்காமல் பேசுவது, அதுவும் பேச்சையே தொழிலாகக் கொண்டவருக்கு, எளிதல்ல.

இந்தத் தொடர் ஒருமுறை அல்ல, பலமுறை செத்துப் பிழைத்தது. ஃபாக்ஸ் தொலைக்காட்சி 2003இல் நிறுத்தியது. பிறகு நேரடியாக டிவிடியில் வந்த படங்கள். 2010இல் காமெடி சென்ட்ரல் தொலைக்காட்சியில் மறுபிறப்பு, 2013இல் மறுபடி நிறுத்தம், பத்து ஆண்டு இடைவெளிக்குப் பின் ஹுலு. ஒவ்வொரு முறையும் பழைய நடிகர்களோடு ஊதியப் பேரம் நடந்தது. 2009இல் பேரம் முறிந்து, முக்கியப் பாத்திரங்களுக்கு வேறு நடிகர்களைத் தேர்வு செய்யப்போவதாகத் தயாரிப்பு நிறுவனம் அறிவிக்கும் அளவுக்குப் போயிற்று. சில நாட்களில் உடன்பாடு வந்து எல்லோரும் திரும்பினார்கள். 2022 பிப்ரவரியில் புதிய தொடர் அறிவிக்கப்பட்டபோது பெண்டர் என்ற ரோபோவின் குரலான ஜான் டிமாஜியோவின் பெயர் மட்டும் பட்டியலில் இல்லை. தொடரின் வெற்றிக்கு ஏற்ற தொகை தரப்படவில்லை என்பது அவர் தரப்பு. வேறு ஒருவரைப் போட்டுக்கொள்ளவும் தயாரிப்பாளர்கள் தயாராகத்தான் இருந்தார்கள். ரசிகர்கள் இணையத்தில் கொதித்தார்கள். மார்ச் முதல் தேதி டிமாஜியோ திரும்புவதாக அறிவித்தார். கூடுதல் பணம் கிடைக்கவில்லை, மரியாதை கிடைத்தது என்று பிற்பாடு அவரே ஒரு மேடையில் சொன்னார்.

பெண்டரின் குரலைக் கேட்டிருந்தால் அந்தக் கொதிப்பு புரியும். மதுக்கடையின் கோடியில் சாய்ந்துகொண்டு, உலகத்துக்கே அறிவுரை சொல்லும் ஒரு குடிகாரனை மனத்தில் வைத்து டிமாஜியோ உருவாக்கியது அது. ரோபோ என்றதும் யாரும் நினைக்கும் உலோகக் குரல் அதில் துளியும் இல்லை. மேலே ஒட்டியிருக்கும் கரகரப்பை யாரும் செய்துவிடலாம். பிறரை ஏசிவிட்டு அடுத்த நொடியில் தானே ரசித்துச் சிரிக்கும் அந்தச் சிரிப்பு எப்போது வரும் என்பதை எழுத்தாளர் காகிதத்தில் எழுதுவதில்லை.

இந்த விஷயத்தை முழுமையாகப் பார்க்க வேண்டுமானால் 'கிங் ஆஃப் தி ஹில்' தொடரைத்தான் பார்க்க வேண்டும். வேறெந்தத் தொடரும் இத்தனை விதமான சிக்கல்களை ஒரே சீசனில் சந்தித்ததாக எனக்குத் தெரியவில்லை. டெக்சஸில் ஆர்லன் என்ற கற்பனை ஊர், சமையல் வாயு விற்கும் ஹாங்க் ஹில், அவருடைய மனைவி பெகி, மகன் பாபி, பக்கத்து வீட்டு நண்பர்கள். 1997 ஜனவரியில் தொடங்கி 13 சீசன்கள். ஃபாக்ஸில் இறுதி எபிசோடு 2009 செப்டம்பரில். புதிய சீசன் 2025 ஆகஸ்டில் ஹுலுவில் வந்தது, 10 எபிசோடுகள்.

மற்ற கார்ட்டூன்களைப் போல இவர்கள் காலத்தை உறையவைக்கவில்லை. பாத்திரங்களுக்கும் வயதைக் கூட்டினார்கள். பதின்மூன்று வயதுப் பாபிக்கு இப்போது இருபத்தொன்று, டாலஸில் சமையற்கலைஞன். குரல் கொடுப்பவர் தொடக்கத்திலிருந்தே பமேலா ஆட்லன் என்ற பெண். சிறுவர் பாத்திரத்துக்குப் பெண்களை அமர்த்துவது இந்தத் தொழிலில் பழைய வழக்கம். நிஜச் சிறுவனை வைத்தால் மகரக்கட்டு வந்து இரண்டே ஆண்டில் குரல் போய்விடும். ஆனால் அந்த ஏற்பாடு பாத்திரம் வளரவே போவதில்லை என்ற நம்பிக்கையில் செய்யப்பட்டது. இப்போது பாபியே மகரக்கட்டைத் தாண்டிவிட்டான். அவனுக்கு ஓர் இளைஞரைக் குரல் கொடுக்க வைப்பதுதான் தர்க்கத்துக்குப் பொருந்தும். வைத்திருந்தால் அந்த நிமிடமே பாபி காணாமல் போயிருப்பான்.

ஆட்லன் செய்திருப்பதைக் கூர்ந்து கேளுங்கள். குரல் கீழே இறங்கியிருக்கிறது. முப்பது வயதில் இந்த வேடத்தை ஏற்றவர், புதிய சீசன் வந்தபோது ஐம்பத்தொன்பது வயது. அந்த இறக்கத்தில் வேடம் எவ்வளவு, வயது எவ்வளவு என்று பிரிக்க முடியாது. வயது இங்கே பாத்திரத்துக்கு ஒத்தாசை செய்திருக்கிறது. சிறுவன் பாபியிடம் மேடை நகைச்சுவைக்காரன் போல வாக்கியத்தின் வாலைச் சற்று நீட்டும் பழக்கம் ஒன்று உண்டு. இருபத்தொரு வயதுக்காரனிடமும் அது இருக்கிறது, கொஞ்சம் அடங்கிய வடிவத்தில், தன்னம்பிக்கை குறையும்போது மட்டும் எட்டிப் பார்ப்பதாக. அப்பாவிடம் பேசும்போது அதிகமாகவும் வாடிக்கையாளரிடம் பேசும்போது குறைவாகவும் வருகிறது. ஒரு பையன் வளர்ந்துவிட்டான் என்பதை இதைவிட நன்றாகக் குரலால் காட்ட முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை. முதல் தொடருக்காக 2002இல் அவர் எம்மி விருது பெற்றார். இரண்டாவதுதான் பெரிய சாதனை என்பேன்.

அடுத்தது சாவு. ஹாங்கின் நண்பன் டேல், எதிலும் அரசாங்கச் சதியைக் காண்கிறவன். அவனுக்குக் குரல் தந்த ஜானி ஹார்ட்விக் 2023 ஆகஸ்டில் காலமானார். அதற்குள் புதிய சீசனின் சில எபிசோடுகளுக்கு அவர் பேசி முடித்திருந்தார். மீதியை டோபி ஹஸ் ஏற்றார். இந்தத் தேர்வைத்தான் கவனிக்க வேண்டும். ஹஸ் வெளியிலிருந்து வந்த பலகுரல் கலைஞர் அல்ல. பழைய தொடரில் ஹாங்கின் தகப்பனார் காட்டனாகவும் பக்கத்து வீட்டுக்காரர் கானாகவும் ஆண்டுக்கணக்கில் ஹார்ட்விக்கோடு சேர்ந்து பேசியவர். டேல் பேசி முடித்ததும் எத்தனை நேரம் கழித்து அடுத்தவர் பதில் சொல்ல வேண்டும் என்பது எதிரே நின்று பழகியவருக்குத்தான் தெரியும்.

அந்தத் தொடரைப் பார்த்தவர்களுக்கு ஒரு காட்சி மறக்காது. நான்கு ஆண்கள் வீட்டுக்குப் பின்னால் சந்தில் வேலியோரம் பீர் கையோடு நிற்பார்கள். "யெப்" என்பார் ஒருவர். இடைவெளி. "யெப்." மறுபடி இடைவெளி. "யெப்." கடைசியில் பூம்ஹவர் "ம்ஹும்" என்று முடிப்பார். அவ்வளவுதான் வசனம். இதில் ஹாங்கும் பூம்ஹவரும் தொடரை உருவாக்கியவர்களில் ஒருவரான மைக் ஜட்ஜே. நடுவில் டேலும், ஸ்டீபன் ரூட் குரல் தரும் பில்லும். யாரும் எதுவும் சொல்லாத இந்தக் காட்சி ஏன் சிரிப்பூட்டுகிறது? நான்கு பேருக்கும் சொல்ல ஒன்றுமில்லை என்பதும், ஆனாலும் நிற்பதை விடமாட்டார்கள் என்பதும் அந்த இடைவெளிகளில் இருக்கிறது. நீளம் கொஞ்சம் கூடினால் சோகக் காட்சி. குறைந்தால் வெறும் அரட்டை. இப்போது நால்வரில் ஒருவர் இல்லை. ஹஸ் சொல்லும் 'யெப்'பில் ஹார்ட்விக்கின் மூக்கொலி முழுக்க வரவில்லை என்று சில ரசிகர்கள் குறைப்பட்டார்கள். வரவில்லைதான். ஆனால் சந்து நிற்கிறது. மூக்கொலி நூறு சதம் பொருந்தி, இடைவெளி பொருந்தாத ஒருவரைப் போட்டிருந்தால் நின்றிருக்காது.

ஹஸ் முன்பு பேசிய கான் பாத்திரம் லாவோஸிலிருந்து குடியேறியவர். புதிய சீசனில் அவருக்குக் குரல் ரோனி சியெங், மலேசியாவில் பிறந்த நகைச்சுவைக் கலைஞர். வெள்ளையரல்லாத பாத்திரங்களுக்கு வெள்ளை நடிகர்கள் குரல் கொடுப்பதைக் கைவிட வேண்டும் என்ற பேச்சு 2020இல் வலுத்து, 'தி சிம்ப்ஸன்ஸ்' உட்படப் பல தொடர்கள் நடைமுறையை மாற்றிக்கொண்டன. சியெங் லாவோஸ்காரர் அல்ல என்று கேட்பவர்கள் உண்டு, நியாயமான கேள்விதான். ஆனாலும் பழைய கானின் சிரிப்பில் பாதி அந்த உச்சரிப்பைக் கேலி செய்ததிலிருந்து வந்தது. புதியவரின் கானில் சிரிப்பு அவருடைய பொறாமையிலிருந்தும் பவிசிலிருந்தும் வருகிறது. பாத்திரத்துக்கு அது நல்லதே.

அதே தொடரில் வரும் ஜான் ரெட்கார்ன் பாத்திரத்தின் விதி இன்னும் வினோதம். முதலில் அதற்குப் பேசிய விக்டர் ஆரன், தொடர் ஒளிபரப்பாவதற்கு முன்பே, 1996இல் கார் விபத்தில் இறந்துவிட்டார். அவரிடமிருந்து ஏற்றவர் ஜோனாத்தன் ஜாஸ். அவரும் 2025 ஜூன் முதல் தேதி சுட்டுக் கொல்லப்பட்டார். புதிய சீசன் வெளியாக இரண்டு மாதம் இருந்தது. அவர் பேசி வைத்த பகுதிகள் அதில் இடம்பெற்றன. ஹாங்கின் உறவுப் பெண் லூவானாகப் பேசிய பிரிட்டனி மர்ஃபி 2009இலும், அவளுடைய கணவன் லக்கியாகப் பேசிய பாடகர் டாம் பெட்டி 2017இலும் இறந்தவர்கள். எல்லா வெற்றிடத்தையும் வேறு குரலால் நிரப்பியே ஆக வேண்டும் என்பது இல்லை.

'ஆனிமேனியாக்ஸ்' தொடர் வேறு பாடம். 1993இலிருந்து 1998 வரை ஓடி, 2020 நவம்பரில் ஹுலுவில் திரும்பியது. ராப் பால்சன், ஜெஸ் ஹார்னல், டிரெஸ் மெக்நீல், மாரிஸ் லமார்ஷ் என்று முக்கியக் குரல்கள் நான்கும் அப்படியே வந்தன. பால்சன் திரும்பியதே அதிசயம். 2016இல் அவருக்குத் தொண்டைப் புற்றுநோய் கண்டறியப்பட்டு, சிகிச்சைக்குப் பின் மீண்டவர். உலக நாடுகளின் பெயர்களை மூச்சுவிடாமல் பாடும் யாக்கோ என்ற பாத்திரத்தின் குரல் அவர்தான். உமிழ்நீர் சுரப்பிகள் கதிர்வீச்சில் பட்ட பாட்டுக்குப் பின் அந்த வேகத்தில் நாக்கைச் சுழற்றுவது என்ன பாடு என்பதைத் தொழிலில் இருப்பவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

லமார்ஷ், உலகத்தைக் கைப்பற்றத் திட்டமிடும் பிரெய்ன் என்ற எலியின் குரல். நடிகரும் இயக்குநருமான ஆர்சன் வெல்ஸின் கனத்த குரலை அடிப்படையாக வைத்துச் செய்தது. உறைந்த பட்டாணி விளம்பரத்துக்குப் பேச வந்த வெல்ஸ், எழுதியவர்களோடு வரிக்கு வரி சண்டை போட்ட ஒலிப்பதிவு ஒன்று அமெரிக்க ஒலிக்கூடங்களில் கைமாறிக் கைமாறி வந்தது. மைக்கைச் சோதிக்கும்போதெல்லாம் அதை மனப்பாடமாகச் சொல்வது லமார்ஷின் வழக்கம். பல நடிகர்களுக்கு இப்படி ஒரு நுழைவு வாசகம் உண்டு. அதை ஒருமுறை சொன்னால் தொண்டை தானாக அந்த வடிவத்துக்கு வந்துவிடும். ஆண்டுக்கணக்கில் விட்டுப்போன பாத்திரத்துக்குத் திரும்பும்போது முதலில் தேடுவது இதைத்தான். பழைய எபிசோடுகளைக் கேட்கலாம். ஆனால் எந்தப் பழைய எபிசோடு? நீண்ட காலம் ஓடிய தொடரில் குரலும் மெல்ல நகர்ந்திருக்கும். ஹோமர் சிம்ப்ஸனின் முதல் சீசனையும் பத்தாவது சீசனையும் அடுத்தடுத்துக் கேட்டால் இரண்டு ஆட்கள் போலிருக்கும். பேசியவர் ஒருவரே, டான் காஸ்டலனெட்டா.

நான்கு குரலும் திரும்பியும் புதிய 'ஆனிமேனியாக்ஸ்' பழையதன் உயரத்தைத் தொடவில்லை என்பது என் எண்ணம். முதல் தொடரை உருவாக்கிய டாம் ரூகரை அழைக்கவில்லை. எழுத்து வேறு அறையிலிருந்து வந்தது. அரசியல் கிண்டல் தூக்கலாகவும், சும்மா கூத்தடிப்பது குறைவாகவும் இருந்தது. பிரெய்னும், பால்சன் குரல் தரும் கூட்டாளி எலி பிங்கியும் இருவர் மட்டும் பேசும் பகுதிகள் இன்றும் ஜோர். ஏனென்றால் அங்கே எழுத்து பலவீனமாக இருந்தாலும் பால்சனும் லமார்ஷும் ஒருவரையொருவர் தாங்கிப் பிடித்துவிடுகிறார்கள். மற்ற இடங்களில் குரல்கள் பழக்கத்தால் சிரிக்கவைக்க முயல்வது தெரிகிறது.

அப்படியானால் முழுக்கப் புதியவர்களைப் போடவே கூடாதா? போடலாம், கதையும் புதிதாக இருந்தால். 'பவர்பஃப் கேர்ள்ஸ்' 2016இல் திரும்பியபோது மூன்று சிறுமிகளின் பழைய குரல்களையும் மாற்றினார்கள். பழைய நடிகைகள் நல்ல குரலோடு தொழிலில் இருந்தபோதே இது நடந்தது. அவர்களில் ஒருவரான டாரா ஸ்டிராங் தன் வருத்தத்தை வெளிப்படையாகவே சொன்னார். பாத்திரங்கள் அதே, குணம் அதே, குரல் மட்டும் வேறு என்றால் பார்ப்பவர் ஒவ்வொரு வரியையும் பழையதோடு ஒப்பிடத்தான் செய்வார். அடுத்த ஆண்டே வந்த 'டக்டேல்ஸ்' இதற்கு நேர்மாறு. பழைய தொடரில் ஸ்குரூஜ் என்ற வாத்தாகப் பேசிய ஆலன் யங் 2016இல் இறந்துவிட்டார். தொண்ணூற்று மூன்றாவது வயதிலும் ஒரு வீடியோ கேமுக்காக அதே பாத்திரத்தைப் பேசிய மனிதர் அவர். புதிய தொடரில் அந்த இடத்துக்கு ஸ்காட்லாந்துக்காரரான டேவிட் டெனன்ட் வந்தார். அதைவிட முக்கியம் மூன்று வாத்துக் குஞ்சுகள். முன்பு ருஸி டெய்லர் ஒருவரே மூவருக்கும் பேசினார். மூவரும் ஒரே அச்சு. புதிய எழுத்தாளர்கள் மூவருக்கும் தனித்தனிக் குணம் கொடுத்தார்கள், எனவே மூன்று தனி நடிகர்கள். குரல் மாற்றம் எழுத்து மாற்றத்தின் பின்னால் வந்தது. ஒப்பிட இடமே இல்லை.

ஜப்பானில் இந்த இரண்டு வழியும் ஒரே கதாசிரியரின் படைப்புகளில் அடுத்தடுத்து நடந்தன. ருமிகோ தகஹாஷியின் 'உருசெய் யாட்சுரா' 2022இல் புதிய முதன்மைக் குரல்களோடு திரும்பியது. அவருடைய 'ரன்மா' 2024இல் திரும்பியபோது, 1989இல் பேசிய கப்பேய் யமகுச்சி, மெகுமி ஹயாஷிபாரா, நோரிகோ ஹிடாகா ஆகியோரையே முக்கிய வேடங்களுக்கு அழைத்தார்கள். முப்பத்தைந்து ஆண்டு கழித்துப் பதின்ம வயதினராக! அங்கே வழக்கப்படி படத்தைப் பார்த்துக்கொண்டே பேச வேண்டும் என்பதால், சிரமம் இன்னும் ஒரு படி கூடுதல்.

இந்தச் சங்கடமெல்லாம் இன்றைக்கு முளைத்ததல்ல. 1962இல் தொடங்கி ஒரே சீசனில் நின்ற 'தி ஜெட்சன்ஸ்' 1985இல் திரும்பியபோதும் பழைய நடிகர்கள்தான் பேசினார்கள். குடும்பத் தலைவர் ஜார்ஜின் குரலான ஜார்ஜ் ஓஹான்லன் அதற்குள் பக்கவாதத்தால் பார்வை பாதிக்கப்பட்டவர். வரியைப் பக்கத்தில் ஒருவர் படித்துச் சொல்ல, காதால் வாங்கி, ஜார்ஜாகத் திருப்பிச் சொன்னார். பதின்ம வயது மகள் ஜூடியாகப் பேசிய ஜேனட் வால்டோ அறுபதைக் கடந்தவர். தொடரில் எந்தச் சிக்கலும் எழவில்லை. பிறகு திரைப்படம் எடுத்தபோது அவர் முழுவதும் பேசி முடித்த பின், விற்பனைக்காகப் பாப் பாடகி டிஃபனியின் குரலை அவருடையதற்குப் பதிலாகச் சேர்த்தார்கள். 1990இல் படம் வந்தது. டிக்கெட் விற்பனைக்கு அது பெரிதாக உதவவில்லை.

இனி எல்லோரும் கேட்கும் கடைசிச் சந்தேகம்: பழைய எபிசோடுகளை ஊட்டி, செயற்கை நுண்ணறிவைக் கொண்டு அதே குரலை உருவாக்கிவிட்டால் என்ன? சாயல் கிடைக்கும், அதில் எனக்கு ஐயம் இல்லை. ஆனால் இதுவரை சொன்ன அத்தனையும் சாயலுக்கு அப்பால் இருப்பதைப் பற்றியது. ஒலிப்பதிவு அறையில் எதிரே இருப்பவர் எதிர்பாராமல் ஒரு வரியை இழுத்தால், பதில் சொல்பவர் தன் வரியைச் சுருக்கிவிடுவார்; அந்த ஒரு கணம் எந்தப் பழைய எபிசோடிலும் இருக்காது. சட்டப்படியும் வழி எளிதல்ல. அமெரிக்க நடிகர் சங்கமான சாக்-ஆஃப்ட்ரா 2024இல் அனிமேஷனுக்காகச் செய்துகொண்ட ஒப்பந்தங்களில், குரல் நடிகர் என்றால் மனிதர் மட்டுமே என்று எழுதி வாங்கியிருக்கிறது. ஹார்ட்விக்குக்குப் பின் டேலுக்குக் குரல் தேவைப்பட்டபோது, பதின்மூன்று சீசன் அளவுக்கு ஒலி கையில் இருந்தும், ஹஸ்ஸைத்தான் கூப்பிட்டார்கள்.